துண்டுக்குள் பிடித்த விரல்

மாடிப்படிக்குக் கீழே வேற்றுச் செருப்பு கிடந்தால் ஆண்டிச்சாமிக்கு வயிறு எரியும். இன்றைக்குச் செருப்பு எதுவும் கிடக்கவில்லை. ஆனாலும் எரிந்தது. விடிந்தும் விடியாமலும் செம்பட்டியிலிருந்து மலைச்சாமி போன் போட்டிருந்தார்.

"அண்ணே, பய உங்க வீட்டு மாடியில என்னதான் பேசுறான்?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"உங்க வீட்டு மாடிதானண்ணே?"

"மாடிதான் என்னது. அதுல நடக்குற கூத்து என் மகளது."

மலைச்சாமியின் மகன் அஜித்துக்கு ஆயக்குடிக் கொய்யாத் தோப்புக்காரர் வீட்டுப் பெண்ணைப் பேசி முடித்தவர் ஆண்டிச்சாமி. நாளைக்குப் பூ வைக்கிறார்கள். பூக்கடையில் மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. வேன் பேசியாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளைப் பையன், பேசி முடித்தவர் வீட்டு மாடியிலேயே ஏறி, அவர் மகள் தமிழ்மதிக்கு முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசிவிட்டுப் போகிறான் என்கிற சேதி போன வாரம் மலைச்சாமியின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதிலிருந்து மனிதருக்குத் தூக்கம் இல்லை.

"சோத்தைப் பெசஞ்சு வச்சிட்டு எந்திரிச்சுப் போறாண்ணே. என்னடா அப்புன்னா ஒண்ணுமில்லைங்கிறான். முன்ன நானேதான் பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கானே, கோச் முகேஷ்குமாரு, அவன்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். ஒரு தடவை போனான். இனிப் போகமாட்டேன்னுட்டான். அந்தாளு என்னடான்னா, உங்க பையனை மாத்தியாச்சு, கவலைய விடுங்கங்கிறான். இப்ப உங்க மகட்ட வாரான். ஆயக்குடிக்காரங்க வாங்க போங்கன்னு மருவாதியாத்தான் பேசுவாங்க. ஒரு தப்புன்னு வந்துச்சுன்னா அப்புறம் மூஞ்சியில முழிக்க மாட்டாங்க. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள எனக்கு வெவரம் வேணும். நீங்க பேசி முடிச்ச சம்பந்தம். நீங்கதான் சொல்லணும்."

"வா சாயங்காலம். சொல்றேன்" என்று போனை வைத்தார் ஆண்டிச்சாமி.

சொல்லிவிட்டார். பெற்ற மகள் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்குவது அப்படி என்ன பெரிய காரியம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

ஆயுசு முழுக்க மாட்டுத் தரகு பார்த்தவர் அவர். ஒட்டன்சத்திரம் சந்தையில் அவர் கை நுழையாத துண்டு கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்த நாளைவிட வெளியே முட்டி போட்ட நாள் அதிகம். யாரையும் நம்பியதில்லை. மாட்டை நம்புவார், அதுவும் பல்லைப் பிடித்துப் பார்த்த பிறகு.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் பிறந்த தமிழ்மதி என்ன செய்தாள்? வேடசந்தூர் ரோட்டு நூல் மில்லில் ஆபீஸ் வேலை. நாற்காலி, மின்விசிறி, மாதம் பிறந்தால் சம்பளம். அத்தனையையும் உதறிவிட்டு வந்தாள். அவள் புருசன் ஓசூரில் வேலை பார்க்கிறார். அவரும் சரி என்றுவிட்டாராம். மாடி அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டாள். இரண்டு நாற்காலியை எதிரும் புதிருமாகப் போட்டாள். கேட்டால் லைஃப் கோச்சாம்.

கோச் என்றால் ஆண்டிச்சாமிக்குத் தெரிந்தது கபடி ஆட்டத்தில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கத்துகிற ஆள்தான். வாழ்க்கைக்கு எவன் விசில் ஊதுவது? அப்படியும் வருகிறார்களே. பேங்க் மேனேஜர் வருகிறார். நகைக்கடை மருமகள் வருகிறாள். பெரிய பள்ளிக்கூடத்து டீச்சர் வருகிறாள். வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லாத கூட்டம். மேலே போகும்போது இருந்த அதே மூஞ்சிதான் கீழே வரும்போதும் இருக்கும். என்ன, கொஞ்சம் மெதுவாக நடந்து வருவார்கள். அதற்குப் பேர் முன்னேற்றமாம்.

கண்ணாடிக் கதவுதான் அவருக்குப் பெரிய எரிச்சல். உள்ளே வாய் அசைவது தெரியும். ஒரு எழுத்து கேட்காது.

---

ஒச்சம்மாள் அடுப்படியில் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொடியில் அவளுடைய நல்ல நீலச் சேலை துவைத்துக் காய்ந்தது.

"இன்னிக்கு எங்கயும் வெளிய போறீகளா?" என்று கேட்டாள்.

"போனாலும் போவேன். எதுக்கு?"

"சும்மாதேன்."

"உம் மகளைக் கூப்பிடு."

"எம் மகளா? தப்புப் பண்ணுனா எம் மக, பரிசு வாங்குனா ஒங்க மக. மேலதேன் இருக்கா, நீங்களே போங்க. வியாழக்கிழமை அவளுக்குப் பரீட்சை. சத்தம் போடாதீக."

பரீட்சை. அது ஒரு தனி வேடிக்கை. கல்யாணமான பொம்பளை, அடுத்தவர் பேசுவதைக் கேட்பதற்குப் பரீட்சை எழுதுகிறாள். சின்னாளபட்டியில் லிடியா டீச்சர் என்று ஒரு அம்மா இருக்கிறாள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு, இந்தப் படிப்பைப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். வருகிறவர்களிடம் சம்மதம் கேட்டுப் பேச்சைப் பதிவு பண்ணி அந்த அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம். சம்மதிக்காதவர் பேச்சு அந்த அறையை விட்டு நகராதாம். அந்த அம்மா கேட்டுவிட்டுக் கூப்பிட்டு வறுத்து எடுப்பாள். கண்ணாடிக் கதவு திறந்திருந்த ஒரு நாள் ஸ்பீக்கரில் பேசியது ஆண்டிச்சாமியின் காதில் விழுந்தது.

"மதி, அவங்க அழுத உடனே நீ சமாதானம் சொல்ல ஆரம்பிச்சிட்ட. யாருக்காகச் சொன்ன? அவங்களுக்காகவா, உனக்குத் தாங்கலைன்னா?"

அழுகிற மனுசிக்கு ஆறுதல் சொன்னது குற்றமாம். கல் நெஞ்சக்காரி என்று அன்றைக்கே அந்த அம்மாவுக்குப் பேர் வைத்துவிட்டார் ஆண்டிச்சாமி. மதி என்னடாவென்றால், ஆமா டீச்சர், எனக்குத்தான் தாங்கலை என்று தலையாட்டினாள்.

அவர் மாடியேறினார். மதி ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கப்பா. உக்காருங்க."

வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியைக் காட்டினாள். அவர் அதில் உட்காரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மலைச்சாமி போன் பண்ணுனான்."

"தெரியும். அம்மா சொன்னாங்க."

"அவன் மகன் என்ன சொல்றான்?"

"அவரு சொல்றதை அவருகிட்டத்தான்ப்பா கேக்கணும்."

"அவன்கிட்டக் கேக்குறதுக்கு நீ எதுக்கு? நீ அவனுக்கு என்ன யோசனை சொன்ன?"

"யோசனை சொல்றது என் வேலை இல்லப்பா. கேள்வி கேப்பேன். அவுங்க முடிவை அவுங்களே தேடிக்கிறதுக்கு."

"யோசனை சொல்லமாட்ட. மருந்து குடுக்கமாட்ட. மந்திரமும் தெரியாது. சும்மா கேள்வி கேக்குறதுக்கு ஒருத்தன் செம்பட்டியிலருந்து பெட்ரோல் போட்டு வாரானாக்கும்."

"வாராருல்ல."

"ரேசன் கடையில பில் போடுறவ இதைவிட நல்லாக் கேள்வி கேப்பா."

மதி சிரித்துவிட்டாள். சிறுவயதிலிருந்தே அவளிடம் இதுதான் கோளாறு. திட்டினால் அழமாட்டாள்.

"அப்பா, மனசுக்கு நோவுன்னு பட்டா நானே டாக்டருகிட்டப் போகச் சொல்லிருவேன். அது எப்பன்னு கண்டுபிடிக்கவும் சேத்துத்தான் படிக்கிறேன். என்கிட்டச் சொன்னதை வெளிய சொல்லமாட்டேன்னு மொத நாளே வாக்குக் குடுத்திருக்கேன். உசிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் சொல்லலாம். எப்பச் சொல்லலாம்ங்கிறதையும் அவருகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். இது அப்படி இல்ல. அதுனால பயப்படாதீங்க."

"சொன்னா என்ன ஆகும்?"

"அவரு ஒரு புகார் எழுதிப் போட்டார்னா சான்றிதழ் குடுக்குற சங்கம் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கும். நான் பரீட்சை எழுத முடியாது. இம்புட்டு நாள் பட்டதெல்லாம் போச்சு."

"அட, ஒரு காயிதத்துக்கா இந்தப் பாடு. எங்க சந்தையில எவன் காயிதம் வச்சிருந்தான்?"

"காயிதம் கிடக்கட்டும்ப்பா. நான் தப்புப் பண்ணுனா என்னை ஏன்னு கேக்குறதுக்கு ஒரு ஆளு இருக்குன்னு அர்த்தம். அம்புட்டுத்தான்."

ஆண்டிச்சாமி உதட்டைப் பிதுக்கினார். மகளை எந்தப் பக்கத்திலிருந்து மடக்குவது என்று யோசித்தார். அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. தரகர் வீட்டில் மட்டும் வரக்கூடிய எண்ணம்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, வலது கை மேல் போட்டார். கையை மகள் பக்கமாக நீட்டினார்.

மாட்டுச் சந்தையில் வாயால் விலை சொல்லமாட்டார்கள். சுற்றி ஊர்ப்பட்ட கூட்டம் நிற்கும். துண்டை மேலே போட்டுக்கொண்டு தரகர் கையும் வாங்குகிறவன் கையும் உள்ளே போகும். விரலைப் பிடிப்பதுதான் பேச்சு. எந்த விரலைப் பிடித்தார்கள், எத்தனை விரலைப் பிடித்தார்கள் என்பது அந்த இரண்டு பேரைத் தவிர மாட்டுக்குக்கூடத் தெரியாது. விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிவிட்டால் வியாபாரம் இல்லை, போய் வா என்று அர்த்தம்.

"நீ வாயைத் தொறக்க வேணாம்" என்றார் ஆண்டிச்சாமி, குரலைத் தாழ்த்தி. "வாயால சொல்லலைன்னா உன் வாக்குக்கும் பழுதில்ல. பயலுக்கு இந்தச் சம்பந்தம் பிடிச்சிருக்குன்னா ஒரு விரலைப் பிடி. பிடிக்கலைன்னா ரெண்டு விரலு. அந்தச் சங்கத்துக்காரன் வந்து என் துண்டைத் தூக்கியா பாக்கப் போறான்?"

மதி துண்டைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கையைத் துண்டுக்குள் விட்டாள்.

ஆண்டிச்சாமிக்கு நெஞ்சு குளிர்ந்தது. வந்துவிட்டாள் வழிக்கு.

துண்டுக்குள் அவள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். சுண்டு விரலில் ஆரம்பித்து, கட்டை விரல் வரைக்கும். மடக்கிய கையைத் தன் கையால் ஒரு முறை அழுத்திவிட்டுக் கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

"டீ போடவாப்பா?" என்றாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். டீயாம், டீ.

---

ஒரு கடையில் சரக்கு இல்லையென்றால் அடுத்த கடை. முகேஷ்குமாரின் இடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செல்போன் கடைக்கு மேலே. தெருவையே மறைக்கிற மாதிரி ஒரு பேனர். கோட்டு போட்டுக்கொண்டு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான் முகேஷ்குமார். பக்கத்தில் ஒரு சிங்கம். 'உங்கள் விதியை மாற்றும் மாஸ்டர் கோச்' என்று எழுதியிருந்தது. சிங்கத்துக்கு என்ன படிப்போ தெரியவில்லை.

மேலே போனதும், ஏசிக் காற்றில் முகேஷ்குமார் எழுந்து வந்து கட்டிப்பிடித்தான். ஆண்டிச்சாமிக்கு அது பிடிக்கவில்லை. மாடு வாங்க வருகிறவன் முதலில் தட்டிக்கொடுத்தால் அவன் பல் பார்க்கத் தெரியாதவன்.

"ஐயா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதா? கோச் மதியோட அப்பா. உக்காருங்க. எனர்ஜி நல்லாருக்கு உங்ககிட்ட."

சுவர் முழுக்கச் சான்றிதழ். தங்கக் கலர் முத்திரை, தங்கக் கலர் ஓரம். கல்யாண மண்டபத்து வாசலில் தோரணம் கட்டியது போல வரிசையாகத் தொங்கின.

"இம்புட்டுமா படிச்சீங்க?" என்றார் ஆண்டிச்சாமி.

"ஒரு சனி, ஞாயிறுங்கய்யா. மதுரையில ஓட்டல்ல வச்சு நடத்துனாங்க. மதியச் சாப்பாடும் உண்டு. அது ஆரம்பம். இந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் நம்ம சொந்த அகாடமி. நாமளே குடுக்குறது."

"நீங்களே உங்களுக்கா?"

"ஃபவுண்டருக்கு, ஆரம்பிச்சவனுக்கு வேற யாருங்கய்யா குடுக்க முடியும்?"

ஆண்டிச்சாமி சுவரை மறுபடியும் பார்த்தார். தன் மாட்டுக்குத் தானே பல்லைக் கட்டிக் கூட்டி வந்த ஒருத்தனை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

"நீங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டீங்கன்னா யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

"எனக்கு மேல யாருய்யா இருக்கா?" என்று சிரித்தான் முகேஷ்குமார். "உங்க மக பண்றதெல்லாம் பழைய ஸ்டைலு. சும்மா கேள்வியாக் கேட்டுக்கிட்டு, பரீட்சை எழுதிக்கிட்டு. நம்மகிட்ட வந்தா உடனே ரிசல்ட்டு. செம்பட்டிப் பையன் ஒருத்தன், அஜித்துன்னு. தெரியுமில்ல?"

கேட்கவே இல்லை. ஆண்டிச்சாமி வந்த காரியத்தைச் சொல்லக்கூட இல்லை. அந்தப் பேர் தானாக வந்து மேசை மேல் விழுந்தது.

"தெரியும்."

"உக்காந்த உடனே சொல்லிட்டாய்யா. கல்யாணத்துல இஷ்டமே இல்ல. அப்பனுக்குப் பயந்து தலையை ஆட்டிருக்கான். அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு, ஏமாத்தறேனேன்னு குலுங்கிக் குலுங்கி அழுறான். நான் விடுவனா? எந்திரி, கண்ணாடி முன்னால நில்லு, நான் மாப்பிள்ளை, நான் மாப்பிள்ளைன்னு கத்துன்னு கத்த வச்சேன். தாலியைக் கட்டு, பாசம் பின்னால வரும்னு சொன்னேன். முடிஞ்சு போச்சு. அப்பன்கிட்ட இதைச் சொல்லலை. சொன்னா நான் பயலை மாத்தலைன்னு ஆயிருமில்ல."

 ஆண்டிச்சாமிக்கு வேண்டிய விவரம் கைக்கு வந்துவிட்டது. சாயங்காலம் மலைச்சாமி முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லலாம். ஆனால் கையில் வந்தது சாணி மாதிரி இருந்தது. உதற முடியவில்லை. துடைக்க இடமும் இல்லை.

முகேஷ்குமார் நிறுத்துவதாக இல்லை. நகைக்கடை மருமகள் இங்கேயும் ஒரு நாள் வந்தாளாம். அவள் புருசன் குடிப்பது ஊருக்குத் தெரியாதாம். பேங்க் மேனேஜர் ராத்திரி மாத்திரை போட்டால்தான் தூங்குவாராம். தாராபுரம் ரோட்டில் ஒரு டாக்டர் வீட்டுக் கதை. டீ வந்தது. டீயோடு சேர்த்து ஊர்க் குடும்பம் அத்தனையும் அந்த மேசைக்கு வந்தது.

சந்தையில் இப்படி ஒரு தரகன் இருந்தான். துண்டைப் போட்டு விரலைப் பிடித்துவிட்டு, டீக்கடையில் போய் இன்னார் இன்ன விலை கேட்டான் என்று சொல்லிவிட்டான். அடுத்த சந்தையில் அவன் துண்டை விரித்துக்கொண்டு நின்றான். ஒருத்தனும் கையை உள்ளே விடவில்லை. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. சும்மா கையை விடவில்லை. அவன் அப்புறம் சந்தைப் பக்கமே வரவில்லை. இந்தப் பயலுக்கு அப்படிக் கை கொடுக்காமல் ஒதுக்கி வைக்க ஒரு சந்தை இல்லை. அதனால்தான் கோட்டு போட்டுச் சிங்கத்தோடு நிற்கிறான்.

"ஐயா, உங்க அனுபவத்துக்கு நீங்களே கோச் ஆகலாம்" என்றான் முகேஷ்குமார். "ஞாயித்துக்கிழமை ஒரே நாளு. சாயங்காலம் சான்றிதழ், போட்டோவோட."

"எங்க சந்தையில சீக்கு மாட்டுக்குத்தான் மாலை பெருசாப் போடுவாங்க" என்று எழுந்தார் ஆண்டிச்சாமி.

முகேஷ்குமாருக்கு அது உறைக்கவில்லை. அவர் வாசலுக்குப் போனதும் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"ஐயா, இன்னொரு வெசயம். உங்க வீட்டுலருந்தும் ஒருத்தவுங்க எனக்குப் போன் பண்ணி விசாரிச்சாங்க. மனசு விட்டுப் பேசணும், உங்ககிட்டப் பேசலாமான்னு. யாருன்னு சொல்லக் கூடாது. ஆனா நீங்க கேட்டா சொல்லிருவேன்."

ஆண்டிச்சாமி நின்றார். கேட்க வாய் வந்தது. அடுத்தவன் வீட்டு விசயத்தைக் கேட்கத்தானே வந்தார். தன் வீட்டு விசயம் என்றதும் கால் ஏன் வாசலைத் தேடுகிறது? திரும்பிப் பார்க்காமல் படியில் இறங்கினார்.

---

வெயில் தாழ்வதற்கு முன்னாலேயே மலைச்சாமி வந்துவிட்டார். வண்டியை விட்டு இறங்கும்போதே கேட்டார்.

"என்னண்ணே, வெவரம்?"

மேலே மதியின் ஜன்னல் திறந்திருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று ஆண்டிச்சாமிக்குத் தெரியும். நாக்கு நுனியில் விசயம் நிற்கிறது. அவர் வாயைத் திறந்தால் மலைச்சாமி நேரே வீட்டுக்குப் போய் மகனை உலுக்குவார். மகன் யாரை நினைப்பான்? முகேஷ்குமாரையா? மாடியில் உட்கார்ந்து தன் பேச்சைக் கேட்டவளைத்தான் நினைப்பான். அப்பன்காரன் வாயிலிருந்து வந்ததென்றால் மகள் வாயிலிருந்து வந்தது என்றுதான் ஊரும் சொல்லும். வியாழக்கிழமைப் பரீட்சையும் போச்சு, கண்ணாடிக் கதவும் போச்சு. போனால் நல்லதுதான் என்று இன்றைக்குக் காலையில்கூட நினைத்திருப்பார்.

"ஒரு வெவரமும் இல்ல" என்றார்.

"மக சொல்லலையா?"

"சொல்லமாட்டா."

"பெத்த அப்பனுக்கா?"

"விரலை மடக்கிட்டா."

சந்தைக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மலைச்சாமியின் முகம் கறுத்தது.

"அப்ப நாளைக்கு நான் என்ன செய்ய? வேன் நிக்குது, ஆயக்குடியில பந்தல் நிக்குது. நீங்க பாட்டுக்கு விரலுங்கிறீங்க. அந்த முகேஷ்குமாரு எம்புட்டோ தேவலை."

"அவன்கிட்டப் போகாத."

"ஏன்?"

"போகாதன்னா போகாத. எட்டு ஊருக்குக் கேக்குற மாதிரி வாயை வச்சிருக்கான். ஒன் குடும்பத்தைக் கொண்டு போய் அந்த மேசையில வைக்காத." ஆண்டிச்சாமி வண்டிக் கைப்பிடி மேல் கையை வைத்தார். "ஏலே மலைச்சாமி, ஒன் மகன்கிட்ட நீ என்னன்னு கேட்ட?"

"என்னடா மூஞ்சிய இப்படி வச்சிருக்கன்னு கேட்டேன். ஆயக்குடிக்காரங்க முன்னால எனக்குக் கேவலம் பண்ணிராதன்னேன்."

"அது கேள்வியா? நீ அவனை மெரட்டிருக்க. இன்னிக்குப் போய், இந்தச் சம்பந்தம் ஒனக்கு இஷ்டமாடா அப்புன்னு கேளு. கேட்டுட்டு வாயைப் பொத்திட்டு உக்காரு. அவன் அழுதாலும் பொத்திட்டு உக்காரு. சமாதானம் சொல்லாத."

சொல்லி முடித்த பிறகுதான் தான் யாருடைய பேச்சைப் பேசினோம் என்பது அவருக்கு உறைத்தது. அந்தக் கல் நெஞ்சக்காரி லிடியா டீச்சரின் பேச்சு. வாயில் கசந்தது. எச்சிலைத் துப்பினார்.

"இஷ்டமில்லைன்னு சொல்லிட்டா?" என்று கேட்டார் மலைச்சாமி, குரல் இறங்கி.

"நாளைக்குப் பூமாலை வாடும். அம்புட்டுத்தான். ஆயக்குடிக்காரங்ககிட்ட வந்து நான் கும்பிட்டு நிக்கிறேன்."

"முப்பது வருசமா உங்க கையப் பிடிச்சு மாடு வாங்கிருக்கேண்ணே. இப்படி ஒரு மோசம் பண்ணுனதில்ல நீங்க."

மலைச்சாமி வண்டியைக் கிளப்பினார். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. தெரு முனை திரும்பும் வரைக்கும் ஆண்டிச்சாமி பார்த்துக்கொண்டு நின்றார். மேலே ஜன்னலில் மதி நின்றாள். நன்றி கின்றி என்று எதையாவது சொல்லி வைப்பாளோ என்று பயந்து அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நல்ல வேளை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் படிப்பு உதவியிருக்கிறது.

வீட்டுக்குள் திரும்பினார். வாசல்படியில் ஒச்சம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நீலச் சேலை. தலையில் கனகாம்பரம். கையில் பை.

"எங்க கெளம்பிட்ட, இந்நேரம்?"

"சின்னாளபட்டிக்கு. லிடியா டீச்சரைப் பாக்க."

"அந்தம்மாவை நீ எதுக்குப் பாக்கணும்? மதிக்கு ஏதாச்சும் குடுக்கணுமா?"

"இல்ல. எனக்குத்தேன். கொஞ்சம் பேசணும்."

"பேசுறதுக்கா? மேல மக இருக்காளே, அவகிட்டப் பேச வேண்டியதுதான?"

"கேட்டேன். பெத்த தாய்கிட்ட அவ இந்த வேலையைப் பாக்கக் கூடாதாம். ஒட்டு உறவுன்னா நேரா நிக்க முடியாதாம். பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கிறவனுக்கும் ஒரு தடவை போன் போட்டேன். அவன் குரலே சரியில்ல. மதிதேன் டீச்சரைச் சொன்னா."

ஆண்டிச்சாமி அவள் கையிலிருந்த பையைப் பார்த்தார். இத்தனை வருசத்தில் அந்த மனுசி அவரிடம் பேச வேண்டும் என்று ஒரு நாள் கேட்டதில்லை. கேட்டிருப்பாளோ? அவர் காதில் விழவில்லையோ?

"என்ன பேசப் போற?" என்றார். மெரட்டலாக வர வேண்டிய குரல், பாதியில் எங்கேயோ இறங்கிவிட்டது. "என்னைப் பத்தியா?"

ஒச்சம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மேலே ஜன்னலை ஒரு முறை பார்த்தாள். அப்புறம் கிட்டே வந்து, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கை மேல் போட்டாள். துண்டுக்குள் தன் கையை விட்டு, அவர் விரல்களை நிதானமாக மடக்கினாள்.

"வெஞ்சனம் அடுப்படியில மூடி வச்சிருக்கு" என்றாள். "போட்டுச் சாப்புடுங்க. கடைசி பஸ்ஸுல வந்திருவேன்."

கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். மடக்கிய விரல்களோடு ஆண்டிச்சாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.